லேர்னர்ஸ் விமானம்

பக்கத்து வீட்டு அண்ணன் இ.போ.ச.வில் முப்பது வருசம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன மாதம் ஒரு பின்னேரம், கல்லடியில் என்னுடைய பட்டறையில் 25 குதிரைவலு போட் எஞ்சின் ஒன்றைக் கழற்றி விரித்துப் போட்டுக்கொண்டு நான் குந்தியிருக்க, கையில் ஒரு நீல ஃபைலோடு வந்து நின்றார். மகளுக்கு விமானி ஆகவேண்டும். வெளிநாட்டில் ஒரு பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. படுவான்கரையில் இருந்த வயல் துண்டை விற்கிற கதையும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. "தம்பி, நீ பிளேன் வேலை பாத்தவன்தானே, இதை ஒருக்கா வடிவாப் பாரு" என்றார். கட்டண விபரம், விடுதி, சீருடை, ஹெட்செட், மருத்துவப் பரிசோதனை என்று எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. கடைசித் தாளில் மகள் தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள்: செஸ்னா 152, 7,000 மணித்தியாலம். பள்ளிக்குப் போன் எடுத்து அவளே கேட்டதாம். "இது கூடவா, குறையவா மனே?" என்று அண்ணன் கேட்டார். கையில் கிரீஸ். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்: "பயிற்சி விமானத்துக்கு 7,000 பெரிசில்லை அண்ணன். 15,000 ஓடினதும் பறக்குது."

சொன்னது பொய் இல்லை. 152 என்ற மாதிரியை செஸ்னா 1977 தொடக்கம் 1985 வரை மட்டும்தான் செய்தது. ஆக இன்றைக்கு உலகத்தில் பயிற்சிக்குப் பறக்கிற ஒவ்வொரு 152உம் அந்தப் பிள்ளையை விட வயது கூடினது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அவை பறக்கும். அண்ணனும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை. ஏனென்றால் அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. அவர் கேட்டதை ஒரு எண்ணுக்கு உரிய கேள்வியாக எடுத்துக்கொண்டு இன்னொரு எண்ணைத் திருப்பிக் கொடுத்தேன்.

எங்கள் ஊரில் யாராவது பழைய கார் வாங்கப் போனால் முதலில் கேட்பது கிலோமீட்டரை இல்லை. மீட்டரைத் திருப்பலாம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேட்பது, "லேர்னர்ஸ் வண்டியா?" என்றுதான். எல் போர்ட் போட்டு ஓடின கார் என்று தெரிந்தால், மீட்டரில் 40,000 காட்டினாலும் ஆள் திரும்பி நடந்துவிடுவான். 40,000 கிலோமீட்டரும் கிளச்சில் காலை வைத்தபடி, முதலாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையில், ஆயிரம் புதுக் கால்களின் கீழ் ஓடினது அது. இந்த விசயத்தை நாங்கள் காருக்கு வடிவாகத் தெரிந்து வைத்திருக்கிறோம். ஆனால் லேர்னர்ஸ் விமானம் என்று ஒன்று இருக்கிறது என்பதை, எட்டு வருசம் அவற்றுக்குக் கீழே படுத்துக் கிடந்த நானே அன்றைக்கு மறந்துபோனேன்.

சட்டியின் கைபிடி

அலுமினியச் சட்டி பழசாகும்போது கைபிடியைப் பாருங்கள். ரிவெட்டைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் வரும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, இரண்டு நாளில் திரும்ப வரும். ரிவெட் இளகி, உலோகத்தோடு உலோகம் உரசி, அரைபடுகிற தூள் அது. விமானத்திலும் அதே அலுமினியக் குடும்பம்தான், அதே ரிவெட்தான். இளகின ரிவெட்டுக்குப் பின்னால் காற்று இழுத்த திசையில் கறுப்பாக ஒரு கோடு ஓடும், சிகரெட் புகை மாதிரி. புகைவிடுகிற ரிவெட் என்றுதான் நாங்கள் சொல்வோம். ஒரு பயிற்சி விமானத்தின் அடிவயிற்றைத் துடைத்துப் பார்த்தால், எந்த இடத்தில் புகைகிறது என்பதை வைத்தே அந்தப் பள்ளி மாணவர்கள் எப்படி இறக்குகிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

இரும்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு அளவுக்குக் கீழே சுமை கொடுத்தால் கோடி தடவை கொடுத்தாலும் தாங்கிக்கொள்ளும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லைக்கோடு கிடையாது. சின்னச் சின்ன இழுப்பும் எங்கோ ஒரு கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கும் நேர்க்கோட்டுக் கணக்கு இல்லை. சுமையை இரட்டித்தால் ஆயுள் பாதியாகாது, பல மடங்கு குறையும். 152 பயனீட்டு வகையில் 4.4 ஜி வரைக்கும் அனுமதி பெற்ற விமானம். அதாவது தன்னுடைய எடையைப் போல நாலு மடங்குக்கும் மேல் இறக்கைகள் சுமக்கலாம். 60 பாகை சாய்த்துத் திருப்பினால் வருவது 2 ஜிதான். அப்படிப் பார்த்தால் ஒரு மாணவன் என்ன செய்தாலும் எல்லைக்குள்தான் இருப்பான் போலத் தெரியும். ஆனால் அந்த 4.4 என்பது ஒரே தரம் சுமக்கிற பலத்தைப் பற்றிய கதை. மூட்டை தூக்குகிறவன் 100 கிலோவை ஒருநாள் தூக்குவான். ஒரு நாளைக்கு நூறு தடவை வீதம் முப்பது வருசம் தூக்கச் சொன்னால்? அவன் இடுப்பைப் பற்றிய கேள்வி அது.

பயிற்சி விமானத்துக்கு நடப்பதும் அதுதான். வேகத்தைக் குறைத்து இறக்கை தூக்கும் வலுவை இழக்கச் செய்வது ஸ்டோல், அதிலிருந்து வெளியே வருவது மீட்பு. ஸ்டோல், மீட்பு, ஸ்டோல், மீட்பு. சரியாகக் கற்காதவன் மீட்கும்போது மூக்கை வெடுக்கென்று இழுப்பான். அப்போது எத்தனை ஜி வந்தது என்று யாருக்கும் தெரியாது, பெரும்பாலான பயிற்சி விமானங்களில் அதை அளக்கிற கருவியே இல்லை. மறுகா சேர்க்கிட். ஓடுபாதையைச் சுற்றி வந்து தொட்டு, முழு வலு கொடுத்துத் திரும்ப ஏறுவது. ஒரு மணித்தியாலத்தில் ஏழு எட்டு தடவை. தொடுகிற தொடுகையில் ஒன்று பூப்போல இருக்கும், ஒன்று தேங்காய் விழுந்த மாதிரி இருக்கும். இறக்கையின் பின்விளிம்புத் தட்டான ஃபிளாப்பை வேகம் குறையும் முன்னே இறக்குவது, பிரேக்கில் காலை வைத்தபடி ஓடுவது, மூக்குச் சக்கரத்தை முதலில் குத்துவது. இதற்கெல்லாம் மாணவனைத் திட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. பிழை விடுவதற்காகத்தான் அந்த விமானத்தையே வைத்திருக்கிறோம்.

வெட்டை வெளியில் ஒருவரும் பார்க்காத உயரத்தில் சிலர் செய்கிற சாகசங்கள் வேறு கதை. அவற்றை மன்னிக்க மாட்டேன். ஆனால் எட்டு வருசத்தில் நான் கண்ட சேதத்தில் அவற்றின் பங்கு குறைவு.

பதினேழு

2018 ஏப்ரல் 4. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து டேட்டோனா பீச். பைப்பர் ஏரோ என்ற விமானத்தில் ஒரு மாணவர் வர்த்தக விமானி உரிமத்துக்கான பரீட்சை எடுத்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் பரீட்சகர். ஓடுபாதையைத் தொட்டுத் திரும்ப ஏறும்போது இடது இறக்கை கழன்று விழுந்தது. இரண்டு பேரும் இறந்துபோனார்கள். புயல் இல்லை, சாகசம் இல்லை. விமானம் 2007இல் செய்தது, எங்கள் கணக்கில் பச்சைக் குழந்தை. ஓடினது 7,690 மணித்தியாலம். அந்த மணித்தியாலங்களுக்குள் 33,000க்கும் மேற்பட்ட தரையிறக்கங்கள். வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 14 நிமிசத்துக்கு ஒன்று.

இறக்கைக்குள் வீட்டு வளை மாதிரி ஒரு உத்தரம் ஓடும், ஸ்பார் என்பார்கள். அது உடலோடு சேர்கிற இடத்தில் போல்ட்டுகள். கீழ்ப்பக்கப் போல்ட் துளை ஒன்றின் விளிம்பில் வெடிப்புத் தொடங்கி, வெளியே தெரியாமலே வளர்ந்து, மிச்சம் இருந்த உலோகத்தால் தாங்க முடியாத ஒரு கணத்தில் விட்டுவிட்டது. கழன்று விழாத வலது இறக்கையிலும் அதே இடத்தில் வெடிப்பு இருந்தது. இதை வாசித்தபோது நான் கடைசியாக எத்தனை பைப்பர் இறக்கைகளை டோர்ச் அடித்துப் பார்த்து 'சரி' போட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்று விசாரணை அறிக்கை சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2021இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த உத்தரவில் ஒரு சூத்திரம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் எழுதப்பட்ட மிக நேர்மையான கணக்கு அதுதான். அங்கே கூலிக்கு ஆள் ஏற்றவும் கூலிக்குப் படிப்பிக்கவும் பறக்கிற விமானங்களுக்கு ஒவ்வொரு 100 மணித்தியாலத்துக்கும் ஒரு செக் கட்டாயம். சொந்தப் பாவனைக்கு அது தேவையில்லை. ஆகவே லொக் புத்தகத்தில் எத்தனை 100 மணித்தியாலச் செக் இருக்கிறது என்று எண்ணு. அத்தனை நூறுகளையும் அப்படியே எடு. மிச்ச மணித்தியாலங்களைப் பதினேழால் பிரித்துக் கூட்டு. கூட்டினது 5,000ஐத் தாண்டினால் போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் மின்னோட்டத்தால் வெடிப்பைத் தேடுகிற எடி கரண்ட் கருவியை விட்டு இருக்கிறதா என்று பார். ஒரு வைத்தியர் சனி ஞாயிறில் தன் சொந்த விமானத்தில் 7,000 மணித்தியாலம் பறந்திருந்தால் இந்தக் கணக்கில் அது 412. பள்ளிக்கூடத்தில் அதே 7,000, 7,000தான். ஒரு மணித்தியாலம் பதினேழு மணித்தியாலத்துக்குச் சமன்.

லேர்னர்ஸ் காரைப் பார்த்துத் திரும்பி நடக்கிற எங்கள் ஊர் ஆளுக்கு இந்தப் பதினேழு தெரியாது, ஆனால் அவன் மனதில் ஏதோ ஒரு எண் இருக்கிறது. ஒரு அரசாங்கம் அதைத் தாளில் எழுதுவதற்கு இரண்டு உயிர் தேவைப்பட்டது. சரியாகச் சொன்னால் அதற்கு முன்பும் ஒரு தரம் நடந்ததுதான். 1987இல் டெக்சாஸில், குழாய்ப் பாதையைப் பார்வையிடத் தாழப் பறந்துகொண்டிருந்த ஒரு பைப்பரின் இறக்கை இதே மாதிரிக் கழன்றது. தரைக்குக் கிட்டப் பறந்தால் காற்று குலுக்கும், குலுக்கினால் களைக்கும்.

இந்த இடத்தில் பஸ் அண்ணனிடம் ஒரு மன்னிப்புக் கேட்கவேண்டும். இரண்டு நாள் கழித்து அவரைக் கூப்பிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, மணித்தியாலம் வேறு, தரையிறக்கம் வேறு என்று பாடம் எடுக்கத் தொடங்கினேன். ஹவாயில் 1988இல் ஒரு போயிங் 737இன் கூரை பறந்துபோன கதையையும் சொன்னேன். தீவுக்குத் தீவு ஓடின விமானம், 35,496 மணித்தியாலத்துக்குள் 89,680 பறப்பு. அங்கே களைக்கச் செய்தது கபினுக்குள் ஒவ்வொரு தடவையும் அடைத்துவிடுகிற காற்று, கூடவே கடலின் உப்பு. அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, கல்முனை லைன்ல ஓடின வண்டியும் கொழும்புக்கு ஓடின வண்டியும் டிப்போக்கு வந்தா, மீட்டர்ல ஒண்டாத்தான் காட்டும். காத்தான்குடியில நிப்பாட்டி, ஆரையம்பதியில நிப்பாட்டி, களுவாஞ்சிக்குடியில நிப்பாட்டி ஓடினதுக்குப் பிரேக் லைனர் எத்தினை தரம் மாத்தினனாங்கள் எண்டு எனக்குத் தெரியாதா? நான் அண்டைக்கு உன்னட்டக் கேட்டதே அதைத்தான். எவ்வளவு ஓடின எண்டில்ல. ஆர் ஓட்டின, எங்க ஓட்டின எண்டு." பழைய கல்லடிப் பாலத்தில் எதிர்ப்பக்க வண்டி இறங்கும் வரைக்கும் காத்துக் காத்து ஓட்டின மனுசன். அவருக்குப் போய் நான் பாடம் எடுத்தேன்.

கடன் வாங்கிப் படித்த பொடியன்

அவருக்கு நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பதினேழு என்று எழுதக்கூடிய கணக்கில் வராதது அது.

எந்த நாடு, எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். ஓர் இரவு 152 ஒன்று 100 மணித்தியாலச் செக்குக்கு வந்தது. எஞ்சின் மூடியைக் கழற்றிவிட்டு, எஞ்சினையும் விமானியின் காலையும் பிரிக்கிற தகட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன், ஃபயர்வால் என்பார்கள். மூக்குச் சக்கரத்தின் தண்டு அதன் கீழ்ப்பகுதியில்தான் பிடித்திருக்கும். சக்கரம் குத்தினால் அந்தத் தகடுதான் முதலில் சொல்லும். டோர்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. தகட்டோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால்தான் நெளிவு நிழல் போடும். இடது கீழ் மூலையில் என் பெருவிரல் நீளத்துக்கு ஒரு நெளிவு. விரலை வைத்து அழுத்தினேன், டின் மூடி மாதிரி "டொக்" என்றது. அதற்குப் பக்கத்தில் அடிவயிற்றுத் தகட்டில் இரண்டு ரிவெட் புகைந்துகொண்டிருந்தது. விமானத்தின் பழுதுகளை எழுதுகிற டெக் லொக்கைப் புரட்டினேன். ஆறு மாதத்துக்குள் கடினமான தரையிறக்கம் என்று ஒரு வரி இல்லை. ஒரு பள்ளியில் ஆறு மாதமாக ஒருவரும் பலமாக இறக்கவில்லையாம்! அந்த வெற்றுப் பக்கங்களைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது, நெளிவைப் பார்த்து இல்லை.

தலைமை எஞ்சினியரான சீஃபைக் கூப்பிட்டேன். நல்ல மனுசன், கை சுத்தமான வேலைக்காரர். அன்றைக்கு மட்டும் மூன்று விமானம் வேலையில் நின்றது, வெளியில் மாணவர் வரிசை. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது பழசு, அடுத்த செக்கில் பார்ப்போம், அடையாளம் போட்டு வை" என்றார். நெளிவின் இரண்டு முனையிலும் மார்க்கரால் கோடு கிழித்தேன். பென்சில் பாவிக்கக்கூடாது, அதிலிருக்கிற கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும் என்று முதல் வருசமே படிப்பித்திருந்தார்கள். அவ்வளவு சின்ன விசயத்தில் ஒழுக்கமாக இருந்துவிட்டு, வேலைத்தாளில் என் கையெழுத்தைப் போட்டேன். விடுவிப்பில் அவர் போட்டார். விடிய ஏழு மணிக்கு அது பறந்தது.

அந்தப் பள்ளியில் தமிழ்நாட்டுப் பொடியன் ஒருவன் படித்தான். அமைதியான பிள்ளை. பறப்புக்கு யாருக்கு எந்த விமானம் என்று பலகையில் எழுதுவார்கள். அவன் பெயருக்கு நேரே அந்த 152 வந்தால், எப்படியாவது இன்னொருவனோடு மாற்றிக்கொள்வான். தலையிடி, இருக்கை சரியில்லை, ரேடியோ கரகரக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாட்டு. மூன்றாம் தடவை எனக்கு உறைத்தது. மூன்று கிழமை கழித்து நான் ஒரு டயர் மாற்றிக்கொண்டிருக்க, தானாக வந்து பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அண்ணே, அந்த வண்டி இப்ப ஓகேவா?" என்றான். எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை.

சோலோ பறப்பில், குறுக்குக் காற்றில், மூக்குச் சக்கரத்தைக் குத்தி, துள்ளி, இன்னொரு தரம் குத்தி, இன்னொரு தரம். மூன்று குத்து. கோபுரத்தில் இருந்தவர்கள் பார்த்தார்களோ இல்லையோ, ஒருவரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஏனென்றால் சேரும்போது கையெழுத்து வைத்த தாளில், மாணவனால் வருகிற சேதத்துக்கு மாணவனே பணம் கட்டவேண்டும் என்று ஒரு வரி இருந்தது. வீட்டில் அம்மாவின் நகை அடைவில். "எவ்வளவு வரும்னு தெரியாதுண்ணே. அதான் பயந்துட்டேன்." அவன் அந்த விமானத்தில் ஏறாமல் தப்பிக்கொண்டிருந்தான், சரி. அந்த மூன்று கிழமையில் அது 58 மணித்தியாலம் பறந்தது. அவனோடு மெஸ்ஸில் சாப்பிடுகிற பிள்ளைகள் பறந்தார்கள். இதை நான் சொன்னபோது அவன் முகம் போன போக்கை இங்கே எழுதப்போவதில்லை.

அவனைப் பிழை சொல்லிவிட்டு நான் நகரலாம். ஆனால் அவனுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். நெளிவைக் கண்டவன் நான், கோடு போட்டவன் நான். அவனாவது தன் உயிருக்குப் பயந்து ஒதுங்கினான். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அது ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே சீஃபிடம் போனேன். முகம் மாறிவிட்டது. விமானத்தை உடனே நிறுத்தினார். கடினமான தரையிறக்கத்துக்கு என்று கையேட்டில் தனியாக ஒரு பரிசோதனை இருக்கிறது, அதை முழுதாகச் செய்தோம். மூக்குத் தண்டைப் பிடிக்கிற பிராக்கெட்டில் வெடிப்பு, நகத்தை ஓடவிட்டால் தட்டுகிற அளவுக்கு. இன்னும் எத்தனை தரையிறக்கத்துக்குத் தாங்கியிருக்கும் என்று நாங்கள் இருவரும் கணக்குப் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவும் இல்லை. தகடு மாற்றி, ரிவெட் அடித்து, விமானம் ஒரு மாதத்துக்குப் பிறகு வெளியே போனது. ஒரு விபத்தும் நடக்கவில்லை.

ஆனால் லொக்கில் என்ன எழுதினோம் தெரியுமா? "வழக்கமான பரிசோதனையின்போது கண்டறியப்பட்டது." பொடியனைக் காப்பாற்றத்தான். சீஃப் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், எழுதிவிட்டோம். அந்த நேரத்தில் பெரிய மனிதத்தனமாகத்தான் தெரிந்தது. இப்போது யோசித்தால், அந்த ஒரு வரியால் பள்ளிக்குப் போய்ச் சேரவேண்டிய ஒரே செய்தியையும் மறித்துவிட்டோம். பணம் கட்டு என்ற அந்த விதி இருக்கும் வரைக்கும் ஒருவனும் வாய் திறக்கமாட்டான் என்பதற்கு எங்கள் கையில் ஆதாரம் இருந்தது. அதை நாங்களே அழித்தோம். விதி அப்படியே இருந்தது. நான் வேலையை விட்டு ஊருக்கு வரும்போதும் இருந்தது.

மாணவனிடம் பணம் கேட்பதில் நியாயம் இல்லையா என்று கேட்பீர்கள். கவனயீனமாக உடைத்தால் கட்டத்தானே வேணும்? எனக்கும் அப்படித்தான் ஒரு காலம் தோன்றியது. ஆனால் அந்தத் தாள் வேலை செய்கிற விதத்தைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற சேதத்துக்கு யாராலும் தப்ப முடியாது, புரொப்பெல்லர் வளைந்தால் ஊரே பார்க்கும். தெரியாத சேதத்துக்கு மட்டும்தான் வாய் தேவை. அந்த வாயைத்தான் அந்தத் தாள் பூட்டுகிறது. குத்தின சக்கரத்தைப் பார்க்க எங்களுக்கு அரை நாள் போதும், யாராவது குத்தினேன் என்று சொன்னால். வாகரைப் பக்கத்திலிருந்து வருகிற மீன்பிடிக்காரர் என்னிடம் எஞ்சினைக் கொண்டுவந்து, "கல்லில அடிச்சுப்போட்டன், பாருங்க" என்று சொன்னால் எனக்குப் பாதி வேலை மிச்சம். வாடகைக்கு எடுத்து ஓடினவன் கொண்டுவந்தால் "ஒண்டும் செய்யேல்ல, தானா நிண்டுட்டு" என்பான். கீழே கையை விட்டுப் பார்த்தால் புரொப்பெல்லருக்குக் கீழே இருக்கிற துடுப்பு, ஸ்கெக், பாதி இல்லை.

எட்டாம் பக்கம்

போன ஞாயிறு அண்ணனின் மகள் வந்தாள். அப்பாவோடு பின்னால் நின்றுகொண்டு, கையில் அதே நீல ஃபைல். திமிலைதீவுப் பக்கம் கரவான் என்ற சின்ன விமானம் ஒன்று இறங்குகிற சத்தம் வாவியைத் தாண்டிக் கேட்டது, அவள் பேச்சை நிறுத்திவிட்டு அது மறையும் வரைக்கும் பார்த்தாள். மறுகா என்னிடம், "மாமா, காலையில ஏற முதல் நான் எதைப் பாக்கோணும்?" என்றாள். செக் லிஸ்ட் கொடுப்பார்கள், அதை விடாமல் செய் என்றேன். அதில் இல்லாத இரண்டைச் சொன்னேன். டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தகட்டைப் பார். அடிவயிற்றில் துணியால் துடைத்துப் பார், அடுத்த நாள் அதே இடத்தில் கறுப்பு வந்திருந்தால் எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டு. பட்டறை மூலையில் கிடந்த பழைய அலுமினியச் சட்டியை எடுத்து ரிவெட் வளையத்தைக் காட்டினேன். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைப் பாவாடையில் துடைத்தாள்.

"பலமா இறக்கினா?" என்றாள்.

"எழுது. அண்டைக்கே எழுது."

ஃபைலைத் திறந்தாள். ஒப்பந்தத்தின் எட்டாம் பக்கத்தில் ஒரு பந்தி முழுவதும் மஞ்சள் மார்க்கர் அடித்திருந்தது. மாணவரின் கவனயீனத்தால் ஏற்படும் சேதம் மாணவரையே சாரும் என்று. நான் சொல்ல முதலே கண்டுபிடித்திருக்கிறாள். "அப்ப, எழுதினா காசு கேப்பாங்களே மாமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. கேட்பார்கள் என்றுதான் சொல்லவேண்டும். கவனயீனம் என்றால் என்ன, பழகும்போது விடுகிற பிழை அதில் அடங்குமா என்று கையெழுத்து வைக்க முதல் மின்னஞ்சலில் கேட்டு வாங்கு, பதில் தராத பள்ளியென்றால் வேறு பள்ளி பார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ஃபைலிலிருந்து செலவுத் தாளை உருவி, என் வேலை மேசையில் வைத்து, பேனையை எடுத்தார். விசா, டிக்கெட், சீருடை, ஹெட்செட், விடுதி. எல்லாவற்றுக்கும் நேரே தொகை இருந்தது. கடைசி வரிக்குக் கீழே மெதுவாக, டிப்போ லொக் சீட்டில் எழுதிப் பழகின அதே உருண்டை எழுத்தில் எழுதினார்: "பலமா இறக்கினா." நேரே ஒரு கோடு போட்டார்.

"இதுக்கு எவ்வளவு போடுவம் தம்பி?" என்றார்.